சூசையப்பர் பார்த்த வீடு

யூட்டிகா, நியூயார்க்
நவம்பர் 17, 1996

அன்புள்ள ஆல்டோ,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். ஜெம்மா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். மறுபடியும் காதுவலி. தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து, ஒருவழியாகக் கீழே கிடத்தியிருக்கிறேன். பேனா உரசும் சத்தத்தில் எழுந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. இந்த நேரத்தில் எழுதினால் என் எழுத்தும் கோணும், எண்ணமும் கோணும். ஆனால் பகலில் எனக்கென்று ஒரு நிமிடம் கிடைப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனைப் படாரென்று வைத்த பிறகு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். "போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துறோம். இனிமே எழுது" என்றாய். சரி, எழுதுகிறேன். கடிதத்திலும் கத்தலாம் என்பது உனக்குத் தெரியாதது இல்லை. முயற்சி செய்து அடக்கிக்கொள்கிறேன்.

ஆகஸ்டில் நீ சார்லட்டுக்குக் கிளம்பும்போது என்ன பேசினோம்? ரேடார் ஆலை மூடிவிட்டது, இந்த ஊரில் இனி உனக்கு வேலை இல்லை, நீ முன்னால் போ, வீடு விற்றதும் நானும் ஜெம்மாவும் வந்துவிடுகிறோம் என்று. நான் அதே இடத்தில்தான் நிற்கிறேன். வீடும் அதே இடத்தில்தான் நிற்கிறது. இதுவரை பார்க்க வந்தது ஒரே ஒரு ஜோடி. நிலவறைப் படியில் பாதி இறங்கினார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஏறிப் போய்விட்டார்கள். நம் தெருவில் 'விற்பனைக்கு' பலகைகள் எதிரும் புதிருமாக முறைத்துக்கொண்டு நிற்கின்றன. விட்டுவிட்டு வரவும் முடியாது. ஆளில்லாத வீட்டில் ஜனவரியில் குழாய் உறைந்து வெடிக்கும். வங்கி அதைவிடச் சீக்கிரம் வெடிக்கும்.

அலுவலகத்தில் எனக்கு என்ன வேலை தெரியுமா? சென்ற மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகளை வட்டாரம் வட்டாரமாகப் படம் வரைவது. ஒரு காலத்தில் லட்சம் பேர் இருந்த ஊர். நான் புவியியல் படித்தது இந்த ஊர் சுருங்குவதை அளவெடுக்கத்தான் போலிருக்கிறது. நம் வட்டாரத்துப் படத்தில் கிழவர் கிழவிகளின் பட்டை நீளமாக இருக்கிறது, குழந்தைகளின் பட்டை குட்டையாக இருக்கிறது. நடுவில், இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில், யாரோ கடித்துத் தின்ற மாதிரி ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் நீ இருக்கிறாய்.

மார்ஜை உனக்கு நினைவிருக்கும், வீட்டுத் தரகர். அவள் ஒரு வழி சொன்னாள். "சூசையப்பர் சுரூபம் சின்னதா ஒண்ணு வாங்கி முன்வாசல்ல புதைச்சிடு, கொலெட். தலைகீழா. முகம் தெருவப் பாக்கணும். வெளியே வரணும்ங்கிற அவசரத்துல அவரே ஆள் பிடிச்சுக் குடுத்துடுவாரு. வித்ததும் தோண்டி எடுத்துப் புது வீட்டுல வச்சிக்கோ." சிரிக்காதே. பட்டப்படிப்பு படித்தவள் செய்கிற காரியமா என்று கேட்காதே. மண் இறுகுவதற்கு முன்னால் சனிக்கிழமை லைலக் செடிக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டேன். உன் அம்மா எதிர் வீட்டு ஜன்னலில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான்.

கடைக்குப் போகவே பிடிக்கவில்லை. பால் வாங்கப் போனால் உன்னோடு பள்ளியில் படித்தவர்களின் அம்மாக்கள் பிடித்துக்கொள்கிறார்கள். "என்னம்மா, இன்னும் போகலையா?" என்கிறார்கள். ரயில் வராத நிலையத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவளைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

அங்கே எங்களுக்கு இடம் பார்த்தாயா? ஒரே ஒரு அறை போதும். அதை மட்டும் எழுது.

கொலெட்

*

சார்லட், வடக்கு கரோலினா
நவம்பர் 28, 1996

கொலெட்,

இன்று நன்றி கூறும் நாள். வான்கோழி இல்லை. நம் ஊர் வின்ஸும், இப்போது என் பக்கத்து அறை, நானும் பெட்ரோல் பங்க்கில் வாங்கிய சாண்ட்விச் தின்றோம். வின்ஸ் அதற்கும் கைகூப்பி ஜெபம் சொன்னான். சொல்லிவிட்டு, "கர்த்தரே, இந்த ரொட்டிக்கு யார் பொறுப்புன்னு கண்டுபிடிச்சுத் தண்டிச்சிடும்" என்று முடித்தான்.

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

வேலை: கிடங்குகளில் சுமை நகர்த்தும் பட்டைகள் பொருத்துகிறோம். ரேடார் பார்த்த கண்ணுக்கு இது வேலையே இல்லை. ஆனால் இருக்கிறது.

இடம்: இந்தக் குடியிருப்பில் எல்லாம் தனி ஆண்கள். ராத்திரி முழுக்க லாரி போகும். ஜெம்மா தூங்கமாட்டாள். வேறு இடம் பார்க்கலாம், ஆனால் அங்கே வீட்டுக்கடனைக் கட்டிக்கொண்டு இங்கே பெரிய வாடகையும் கட்ட முடியாது. வீடு போகட்டும், பிறகு பார்க்கலாம்.

ஊர்: ஊர் என்றே சொல்ல முடியாது. நடைபாதை கிடையாது. கிழவர்களே கண்ணில் படுவதில்லை, எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்களோ. யாரைக் கேட்டாலும் ஒஹாயோ, பஃபலோ, மிச்சிகன். இங்கேயே பிறந்தவன் என்று ஒருவனை இன்னும் நான் பார்க்கவில்லை. போன வாரம் வானொலியில் 'பனி தூறலாம்' என்றார்கள். தூறவில்லை. ஆனாலும் கடையில் ரொட்டியும் பாலும் காலி. வின்ஸ் சிரித்துச் சிரித்துக் காரை ஓட்ட முடியாமல் ஓரம் கட்டினான்.

சூசையப்பரைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே. அவளுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி.

அம்மாவைத் தனியாக விடாதே. அதுதான் எனக்குப் பெரிய கவலை. நீயும் இங்கே வந்துவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அதையும் யோசித்து வை. அவசரப்படாதே.

ஜெம்மாவுக்கு முத்தம். காதில் வெதுவெதுப்பாக ஆலிவ் எண்ணெய் விடு, அம்மாவிடம் கேள்.

ஆல்டோ

*

யூட்டிகா
ஜனவரி 12, 1997

ஆல்டோ,

கிறிஸ்துமஸுக்கு நீ வராததைப் பற்றி எழுதக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். வேலை அவசரம் என்றாய், ஒப்புக்கொண்டேன். இது வேறு விஷயம்.

வியாழக்கிழமை உன் அம்மா வந்தார்கள். கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் வந்து நின்றார்கள்.

"சூசையப்பரத் தலைகீழா மண்ணுல புதைச்சியாமே?"

மார்ஜ் ரொட்டிக்கடையில் வாயைத் திறந்திருக்கிறாள். பிளீக்கர் தெரு ரொட்டிக்கடையில் சொன்னால் கோவில் மணியை அடித்துச் சொன்ன மாதிரி.

"எல்லாரும் செய்யறதுதானாம், அத்தை" என்றேன்.

"எல்லாரும் செய்வாங்க. எங்க வீட்டுல யாரும் செஞ்சதில்ல. ஏசுவ வளத்தவரு, திருக்குடும்பத்துக்கே தலைவரு. அவரப் போயி உருளைக்கிழங்கு மாதிரி நட்டு வச்சிருக்கியே. நீ அப்படி நின்னு பாரு, உனக்கு அடுத்தவனுக்கு உதவணும்னு தோணுதான்னு பாப்போம். வடக்கத்திப் பொண்ணுங்களுக்கு எதுலதான் பயம் இருக்கு?"

நான் காப்பி ஊற்றினேன். உட்கார்ந்தார்கள். கோட்டோடே இரண்டு மிடறு குடித்தார்கள். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "நான் வீட்ட வித்துட்டேன்" என்றார்கள்.

"எந்த வீட்டை?"

"எனக்கு எத்தன வீடும்மா இருக்கு?"

போஸ்னியாவிலிருந்து வந்த குடும்பமாம். அகதிகளாக வந்து இரண்டு வருடமாகக் கணவன் மனைவி இருவருமே வேலை பார்த்து, சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பலகைகூட வைக்கவில்லை. நெர்மின் என்கிறவர் போன இலையுதிர் காலத்தில் கூரை ஒழுகலை அடைக்க வந்தவர், வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விற்பதாக இருந்தால் சொல்லுங்கள் என்றாராம். உன் அம்மா ஃப்ளோரிடாவில் உன் அக்கா ரீட்டாவோடு போய் இருக்கப்போகிறார்களாம். முழங்கால் இன்னொரு பனிக்காலத்தைத் தாங்காதாம்.  பிறகு கேட்டார்கள்:

"முகத்த எந்தப் பக்கம் பாத்துப் புதைச்ச?"

"தெருவைப் பார்த்து."

"தெருவுக்கு அந்தப் பக்கம் யார் வீடு? அவரு என்ன செய்வாரு பாவம், தலைகீழா நின்னாலும் பாத்த வீட்டத்தான் வித்துக் குடுத்திருக்காரு."

சொல்லிவிட்டு அவர்களே சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆல்டோ. அந்த நிமிடம் உன் அம்மாவை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கிளம்பும்போது கதவருகில் திரும்பி, "ஆல்டோட்ட கிறிஸ்துமஸ் அன்னைக்கே சொல்லிட்டேன். அவன் உன்கிட்ட சொல்லியிருப்பான்னு இருந்தேன்" என்றார்கள்.

சிரிப்பு அத்தோடு போயிற்று.

நீ அறிந்திருந்தாய். புத்தாண்டு அன்று போனில் ஜெம்மாவுக்குப் பல் எத்தனை என்று கேட்டாய், பனி எவ்வளவு என்று கேட்டாய். இதைச் சொல்லவில்லை. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவாய் என்று எனக்கு எழுதியவன் நீதான். இப்போது அம்மா போகிறார்கள். நீ போய்விட்டாய். ரீட்டா எப்போதோ போய்விட்டாள். உன் குடும்பத்தின் ஊரில், உன் குடும்பத்தில் யாரும் இல்லாமல், வடக்கே மலோனிலிருந்து உன்னைக் கட்டிக்கொண்டு வந்த நான் காவலுக்கு இருக்கிறேன். நான் அலுவலகம் போனால் ஜெம்மாவைப் பார்த்துக்கொள்ள இனி யார்?

இன்று இரட்டைப்படைத் தேதி. காரைத் தெருவின் எதிர்ப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். நாளை மறுபடி இந்தப் பக்கம். பனி அள்ளும் வண்டிக்கு வழி விட இந்த ஊரில் எல்லோரும் குளிர்காலம் முழுக்க இதைத்தான் செய்கிறோம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவ்வளவு தூரம்தான் நான் போகிறேன்.

ஏன் சொல்லவில்லை?

கொலெட்

*

சார்லட்
பிப்ரவரி 2, 1997

கொலெட்,

"நீயே அவகிட்டச் சொல்லு, எனக்கு வாய் வரல" என்றாள் அம்மா, கிறிஸ்துமஸ் அன்று போனில். எனக்கும் வரவில்லை. அவ்வளவுதான். சதி ஒன்றும் இல்லை.

போனை வைத்துவிட்டுக் குடியிருப்பின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். வின்ஸ் வந்து, "யாரு செத்தா?" என்றான். "யாரும் சாகல, வீடு வித்தாச்சு" என்றேன். "அப்ப சாவுதான்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அந்த வீட்டு நிலவறையில் அப்பா திராட்சை ரசம் போட்டார். அந்த அடுப்பங்கரையில் ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பேர் சாப்பிட்டோம். தெருவுக்குக் குறுக்கே கூப்பிட்டால் கேட்கும் என்றுதானே நம் வீட்டை அங்கே வாங்கினோம். இப்போது அதில் யாரோ. நல்லவர்களாகவே இருக்கட்டும். எனக்கு என்ன ஆகிறது என்றுதான் சொல்கிறேன். தப்பா?

ஒரு உதவி. அம்மா வீட்டுப் பின்கட்டில் அத்திமரத்தை, குளிரில் பட்டுப்போகாமல் இருக்க, அம்மா அக்டோபரில் படுக்கவைத்து மண்ணும் சாக்கும் போட்டுப் புதைத்திருக்கிறாள், வழக்கம்போல. புதிதாக வருகிறவர்களுக்கு அது தெரியாது. மேடாக இருக்கிறதே என்று வெட்டிச் சமன் செய்துவிடுவார்கள். ஏப்ரலில்தான் நிமிர்த்த வேண்டும் என்று சொல்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிடு. நான் அனுப்புகிறேன், எப்படியாவது. ஆனால் இப்போதைக்கு இங்கே வருவதைப் பற்றிப் பேச வேண்டாம். இங்கே ஒரு மனிதனுக்கும் என் பெயர் தெரியாது. எல்லோரும் 'பட்டி', அதாவது 'நண்பா', என்று கூப்பிடுகிறார்கள், எதிரே வருகிற எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆல்டோ

*

யூட்டிகா
மார்ச் 9, 1997

அன்புள்ள ஆல்டோ,

வேலையை விடவில்லை. விடவும் மாட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அஸ்ரா ஜெம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். நெர்மினின் மனைவி. அவளுக்கு இரண்டு பையன்கள், அவளுக்கு இரவு வேலை, ஆகவே பகலில் வீட்டில் இருக்கிறாள். நான் கேட்கக்கூட இல்லை. குடிவந்த வாரத்தில் ஒரு காலை, ஜெம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பனிக்குள்ளிருந்து காரைத் தோண்டிக்கொண்டிருந்தேன். தெருவைத் தாண்டி வந்து கையை நீட்டினாள், ஜெம்மா தாவிவிட்டாள். எவரிடமும் போகாத குழந்தை.

அவர்கள் காரைப் பக்கம் மாற்றாமல் விட்டு அபராதச் சீட்டு வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று நான் விளக்கியதும் நெர்மின் தன் காரைத் திரும்பிப் பார்த்தார். "இந்த ஊர்ல காருக்கும் இடது கால் வலது கால் இருக்கா?" என்றார். இப்போது விடிந்ததும் மொத்தத் தெருவுக்கும் முன்னால் அவர் கார்தான் மாறி நிற்கிறது.

அத்திமரத்தைப் பற்றிச் சொல்லப் போனேன். அஸ்ரா என்னை முடிக்கவே விடவில்லை. "மேட்டப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. எங்க ஊர்ல அத்தி இருக்கு, ஆனா புதைக்க மாட்டோம், அங்க குளிர் இவ்வளவு கிடையாது. பாவம், உங்க மரம்" என்றாள். ஆகவே அந்தக் கவலையை விடு.

நேற்று அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மாவின் சமையலறை. சுவருக்கு மஞ்சள் அடித்திருக்கிறார்கள். கதவருகில் செருப்புகள் வரிசையாக இருக்கின்றன. சின்னக் கோப்பையில் காப்பி, கரண்டி நின்றுவிடும் போல அவ்வளவு திடம். நம் தெருவில் எந்தெந்த வீடு விற்பனைக்கு, யார் எங்கே போனார்கள் என்று கேட்டாள். சொல்லிக்கொண்டே வந்தேன். ஃபீனிக்ஸ், ஆர்லண்டோ, சார்லட், மறுபடி ஆர்லண்டோ. கேட்டுவிட்டு, கிண்டல் இல்லாமல், உண்மையிலேயே புரியாமல் கேட்டாள்: "ஏன் எல்லாரும் ஓடறீங்க? இங்க குண்டு எதுவும் விழலையே."

காப்பியைக் குடித்து முடித்தேன். வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு கோபமும் வந்தது. குண்டு விழுந்தால்தான் ஒருத்தி போகலாமா?

இப்போது முக்கியமான விஷயம். இதற்காகத்தான் எழுதுகிறேன், நடுவில் வளர்த்திவிட்டேன். அஸ்ராவின் தம்பி ஈனஸ் நம் வீட்டை வாங்க விரும்புகிறார். வந்து பார்த்துவிட்டார். நிலவறையின் கடைசிப் படி வரைக்கும் இறங்கினார். ஏற்கெனவே வங்கி ஒப்புக்கொண்டிருக்கிறது. நாம் கேட்ட விலைக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் கடன் அடையும். மார்ஜ் உதட்டைக் கடித்துக்கொண்டு, "இதவிட நல்ல ஆள் இந்தத் தெருவுக்கு வர மாட்டான்" என்கிறாள்.

வீடு நம் இருவர் பெயரிலும் இருக்கிறது. பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன். நீ நோட்டரி முன்னால் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஈனஸின் மனைவிக்கு ஜூனில் குழந்தை பிறக்கப்போகிறது, அதற்குள் குடிவந்துவிட வேண்டும் என்கிறார். ஏப்ரல் பதினெட்டு வரை காத்திருப்பாராம். அதற்குப் பிறகு அடுத்த தெருவில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார்.

ஆல்டோ, கதவு திறந்துவிட்டது. ஜெம்மாவிடம் சார்லட் என்று சொன்னேன், 'தாலட்' என்கிறாள்.

கொலெட்

*

சார்லட்
மார்ச் 21, 1997

கொலெட்,

பத்திரம் வந்தது. மேசை மேல் இருக்கிறது. நோட்டரி நான் தினமும் காப்பி வாங்குகிற கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறான். இரண்டு தடவை வாசல் வரை போனேன்.

போடவில்லை.

நேரே சொல்லிவிடுகிறேன். எனக்குத் திரும்பி வர வேண்டும்.

முந்தாநாள் சூசையப்பர் திருநாள். இங்கே யாருக்கும் தெரியாது. கோவிலில் பூசை முடிந்ததும் எல்லோரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். நம் ஊரில் போல எல்லோருக்கும் சாப்பாட்டு மேசை போடவில்லை, ரொட்டி மந்திரிக்கவில்லை. ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. வாகன நிறுத்தத்தில் நான் மட்டும் நின்றேன். முப்பது வயதில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி.

மூன்று வருடத்துக்கு முன் மார்சி சிறைக் காவலர் வேலைக்குப் பரீட்சை எழுதினேனே, நீகூட வேண்டாம் என்று சொன்னாயே, அந்தப் பட்டியலில் என் பெயர் இப்போது மேலே வந்துவிட்டது. கடிதம் அம்மாவின் பழைய முகவரிக்குப் போய், அங்கிருந்து ஃப்ளோரிடா போய், அங்கிருந்து எனக்கு வந்திருக்கிறது. அரசு வேலை. காப்பீடு இருக்கிறது. இருபத்தைந்து வருடம் ஓட்டினால் ஓய்வூதியம். மே மாதம் பயிற்சி. வீட்டிலிருந்து கால் மணி நேரம்தான் கொலெட். ஜெம்மா வளர்ந்து பள்ளிக்கூடம் போனால், மத்தியானம் அவள் வரும்போது நான் இருப்பேன்.

வின்ஸிடம் சொன்னேன். "உள்ள போறதுக்கு ஆசைப்படறவன நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றான். சிரித்தான். பிறகு, "எனக்கும் ஒரு மனு வாங்கி அனுப்பு" என்றான்.

உனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை என்று தெரியும். ஆனால் இப்போது அஸ்ரா இருக்கிறாள், உனக்குத் துணை இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்தபோது நீ அங்கே பழகிவிட்டாய் என்றுதான் தோன்றியது. அந்தத் தெருவைப் பற்றி எழுதும்போது உன் எழுத்தே வேறு மாதிரி இருக்கிறது.

வீட்டை விற்காதே. சூசையப்பரைத் தோண்டி எடுத்து நேராக நிறுத்து. நான் வருகிறேன்.

ஆல்டோ

*

யூட்டிகா
ஏப்ரல் 3, 1997

அன்புள்ள ஆல்டோ,

உன் கடிதம் வந்ததிலிருந்து தினமும் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். இன்றும் வீடு அடங்கிய பிறகுதான் உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தில் எழுதவில்லை. கோபம் போன வாரமே தீர்ந்துவிட்டது. இப்போது இருப்பது அது இல்லை.

வாகன நிறுத்தத்தில் நீ தனியாக நின்றதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. அது எனக்குத் தெரியும். நீ ஆலையிலும் சீட்டாட்டத்திலும் உன் அம்மா வீட்டிலும் இருந்த வருடங்களில், இந்த ஊரின் ஒவ்வொரு வாகன நிறுத்தத்திலும் நான் அப்படித்தான் நின்றேன். நீ கவனிக்கவில்லை என்று குற்றம் சொல்லவில்லை. உனக்கு ஊர் அவ்வளவு நிறைந்திருந்தது.

நானும் உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. ஜனவரியில், உன் அம்மா வந்துபோன அந்த வாரத்தில், சார்லட் நகரத் திட்ட அலுவலகத்துக்கு மனுப் போட்டேன். வளர்கிற ஊருக்குப் படம் வரைகிற ஆள் தேவைப்படும் அல்லவா? பிப்ரவரியில் போனில் பேசினார்கள். அலுவலகக் காகிதக் கிடங்கில் கதவைச் சாத்திக்கொண்டு, அடுக்குகளுக்கு நடுவில் நின்று பதில் சொன்னேன். வேலை கிடைத்துவிட்டது, ஆல்டோ. முழுநேர வேலை. மே மாதம் சேர வேண்டும். வீடு விற்ற அன்று சொல்லி உன்னைத் திகைக்க வைக்கலாம் என்று வைத்திருந்தேன். பத்திரத்தோடு அந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும். என் புத்திசாலித்தனம்.

ஆகவே இப்போது நிலைமை இதுதான். உனக்கு மே மாதம் இங்கே வேலை. எனக்கு மே மாதம் அங்கே வேலை. சொல்லிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அஸ்ராவிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் வேலை கெடச்சிருக்கு, ரெண்டு பேரும் துக்கம் விசாரிக்கிற மாதிரி இருக்கீங்க" என்றாள்.

நீ திரும்பி வர விரும்பும் ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நான் அதைத் தினமும் வரைகிறேன். உன் அம்மா இல்லை. ரீட்டா இல்லை. சீட்டாட உன்னோடு உட்கார்ந்தவர்களில் வின்ஸ் உன் பக்கத்து அறையில் இருக்கிறான். கோவிலில் ஞாயிறு காலைப் பூசையை நிறுத்திவிட்டு அடுத்த கோவிலோடு சேர்த்துவிட்டார்கள். ஊர் செத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் அந்தக் குட்டைப் பட்டை வளரும், நான் நிச்சயமாகச் சொல்கிறேன். அஸ்ராவின் பையன்கள் வளர்ப்பார்கள், ஜூனில் பிறக்கப்போகும் ஈனஸின் குழந்தை வளர்க்கும். அவர்களுக்கு இது நல்ல ஊர். பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது. என் எழுத்து மாறியது அதனால்தான். ஒரு ஊர் பிடித்துப்போவதும் அதில் அடைபட்டிருப்பதும் ஒன்றாகவே நடக்கலாம் என்று எனக்கும் இப்போதுதான் தெரிகிறது.

நீ அந்தச் சிறைக்குள் எட்டு மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வருவாய். இருபத்தைந்து வருடம் என்று நீ எழுதியதைப் படித்தபோது ஜெம்மாவின் வயதைக் கூட்டிப் பார்த்தேன். என் வயதையும் கூட்டினேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். பனி கரைந்து லைலக் அடியில் மண் தெரிகிறது. நீ சொன்னபடி தோண்டப் போகவில்லை. எதற்காகத் தோண்டுகிறேன் என்று தெரியாமல் தோண்ட எனக்கு மனம் வரவில்லை.

உன் கையெழுத்து இல்லாமல் வீட்டை விற்க முடியாது. உனக்குத் தெரியாமல் ஜெம்மாவைத் தூக்கிக்கொண்டு போகிறவளும் நான் இல்லை. இரண்டும் உன் கையில்தான் இருக்கின்றன. என்னை எங்கே நிறுத்தியிருக்கிறாய் என்று உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன், மிரட்டுவதற்காக அல்ல. நீ வேண்டாம் என்று எழுதினால் அந்த வேலையை வேண்டாம் என்று எழுதுவேன். எழுதிவிட்டு உன்னோடு இந்த வீட்டில் இருப்பேன். எப்படி இருப்பேன் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. கையெழுத்துப் போட்டால், முதல் வருடம் நீ எவ்வளவு முணுமுணுத்தாலும் கேட்டுக்கொள்வேன். அந்த ஊரில் உன் பெயரைத் தெரிந்த ஆள் ஒருத்தியாவது இருப்பாள்.

முடியாத ஒன்று, நீ அந்தப் பத்திரத்தை மேசை மேல் வைத்துக்கொண்டு நாளை என்று தள்ளுவதுதான். அதை நீ செய்வாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஏப்ரல் பதினெட்டுக்குள் ஈனஸுக்கும் சார்லட் அலுவலகத்துக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம், போனில் நாம் கத்துவோம். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, அல்லது போடாமலே திருப்பி அனுப்பு. காரணம் எழுத வராவிட்டால் பரவாயில்லை.

ஜெம்மாவுக்குக் காது சரியாகிவிட்டது. தூங்குகிறாள்.

சீக்கிரம் பதில் எழுது.

கொலெட்